பின் சக்கரத்து நட்டு

எஞ்சின் ஆயிலை வண்டி சூடாக இருக்கும்போதுதான் இறக்க வேண்டும். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, உடனே அடித்திருகைக் கழற்றினால் கசடெல்லாம் ஆயிலோடு சேர்ந்து வந்துவிடும். ஆறவிட்டால் அடியிலேயே தங்கிவிடும். சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் திருமுல்லைவாயிலில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து, இட்லி தின்று, ஏப்பம் விட்டு, பேப்பர் படித்து முடித்த பிறகு, ஆறிப்போன வண்டிக்குக் கீழே தகர டின்னைக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீதி இரண்டு பேரில் ஒருவன் நான். இன்னொருவன் திருவேங்கடம்.

உங்கள் ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு வேண்டியது திருவேங்கடத்தின் பெண்குழந்தை வல்லி செத்த விஷயம், அவ்வளவுதானே. அதற்குத்தான் வருகிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானே பஸ் ஏறி வந்தேன் என்பதை முதலில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வந்து முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வாசலில் நிற்கும் உங்கள் ஜீப் சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகி, கீழே குட்டை கட்டி நிற்கிறது. இத்தனை பேர் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள், ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை. போகட்டும்.

என் பெயர் ஜெயபால். வயது நாற்பத்தைந்து. இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் போல்ட்டும் நட்டும்தான் வேலை. கடைசி எட்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். உங்களைப் போலத் தோளில் நட்சத்திரம் கிடையாது, கையில் ஒரு கேஜ் உண்டு. நட்டின் மரை சரியாக இருந்தால் கேஜ் உள்ளே போகும், இல்லாவிட்டால் போகாது. போகாததைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன். யார் செய்தது, யாருக்கு வேண்டியவன் செய்தது என்று பார்த்ததில்லை. அதனால் கம்பெனியில் என்னை யாருக்கும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நானும் கேட்டதில்லை.

திருவேங்கடம் அதே கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். உள்ளே வருகிறவர்களின் கார்டைப் பார்ப்பது, ஐந்து நிமிஷம் தாமதித்தவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போடுவது, இதுதான் அவன் கிழித்த உத்தியோகம். அயனம்பாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அதில் முதன்முதலாகப் பத்தாவது தேறி, பேனா பிடித்தவன் இவன். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பேனா பிடித்தவன் பேனாவோடு நின்றிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர், பொதுவாக ஒரு கைப்பம்பு. நாலு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தொன்பதில், ஆவடியில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளை இவன் எடுத்துக்கொண்டு வந்தான். வண்டியா அது? சேற்றிலிருந்து எடுத்த எருமை மாதிரி இருந்தது. கிக்கரை உதைத்தால் இருமும், அடங்கிவிடும். இதைத் தானே ரிப்பேர் செய்து, தானே பராமரிக்கப் போகிறேன் என்று மூன்று ஸ்பேனரும் ஒரு கட்டிங் பிளேயரும் ஒரு புத்தகமும் வாங்கினான். புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளை பெற்றவள் மாதிரி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை விரித்து வைத்துக்கொண்டு வண்டியைப் பிரிப்பான். நான் என் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். சிரிப்பாக வரும்.

பிளக்கைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பான். பாயிண்டில் இடைவெளி பார்க்கப் பழைய சவர பிளேடை உபயோகிப்பான். கிளட்ச் கேபிளின் தலையில் காகிதத்தால் ஒரு புனல் செய்து கட்டி, துளித்துளியாக ஆயில் இறங்கவிட்டு, அது வழிந்து முடியும்வரை பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பான். முடித்ததும் செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவான். கிளார்க் புத்தி எங்கே போகும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்னைப் பார்த்து, "சரியா கீதா அண்ணாத்தே?" என்று கேட்பான். நான் தலையை ஆட்டமாட்டேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஒரு வருஷம் போனது. அந்தக் குப்பை ஒரே உதையில் ஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. மழைக்காலத்தில் என் வண்டி நாலு உதை வாங்கும், அவன் வண்டி ஒன்றுதான் வாங்கும். சில பேருக்கு அப்படி அமைந்துவிடும், அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் எங்கே புரியப் போகிறது. அதுவரை வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நான் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். எந்த மடையன் இதில் கை வைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கச் சுவரோரம் போக ஆரம்பித்தார்கள். அங்கே டீ கிடைக்கும். அவன் மனைவி பத்மா முகம் கோணாமல் எட்டு டம்ளர் டீ போடுவாள். இவன் குந்தி உட்கார்ந்து, வந்தவன் கையிலேயே ஸ்பேனரைக் கொடுத்து, இப்படித் திருகு, அப்படித் துடை என்று சொல்லித் தருவான். என் மனைவி ஞானகுமாரிகூட ஒருநாள், அந்தத் தம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இதனாலெல்லாம் எனக்கு அவன்மேல் பகை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கிளார்க்கின் மேல் பகை வைக்கிற அளவுக்கு நான் இறங்கிப்போகவில்லை.

இந்த வருஷம் ஆடி மாதம் ஒரு காரியம் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு வேறு யாராவது வந்து ஊதிப் பெரிதாக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பம்படியில் ஐந்தாறு பேர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியும் நின்றது, செயினைக் கழற்றிக் கிரீஸ் போட்டு முதல் நாள்தான் மாட்டியிருந்தேன். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இடத்தில் ஒரு சின்ன கிளிப் இருக்கும், லாக் என்பார்கள். அதற்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். செயின் ஓடுகிற திசைக்கு மூடிய பக்கம் முன்னால் போக வேண்டும். வாய்ப் பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். ஓடும்போது செயின் அறுந்தால் ஆள் காலி. இது எனக்குத் தெரியும். நான் பிறருக்குச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

திருவேங்கடம் வாளியோடு என் வண்டியைத் தாண்டிப் போனவன், நின்று குனிந்தான். "அண்ணாத்தே, லாக்கு திரும்பிகினு கீது பாருங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் கண்டக்டர் வேம்புலி நின்றான், அவனுக்குக் காது பாம்புக்காது. "இன்னாது, ஜெயபால் அண்ணாத்தே வண்டிலயா?" என்று வாயைப் பிளந்தான். எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் திருவேங்கடம் தன் கட்டிங் பிளேயரை எடுத்து, கிளிப்பைத் தள்ளி, திருப்பிப் போட்டுவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சம் பத்தாத இடத்தில் மாட்டினால் யாருக்கும் இப்படி ஆகும் என்று அவர்களிடம் எனக்காக வக்காலத்து வேறு வாங்கினான். வேம்புலி சிரித்தான். அந்தச் சிரிப்பு பம்படியில் இரண்டு வாரம் ஓடியது.

அந்தக் கிளிப்பை நான் வேண்டுமென்றேதான் அப்படி மாட்டினேன். எவனாவது கவனிக்கிறானா பார்க்கலாம் என்று. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். கம்பெனியில் முதல் நாளே பூஜை முடிந்து, ஆளுக்கொரு பொட்டலம் பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், வீட்டில் பூஜை கிடையாது. திருவேங்கடம் வீட்டில் அமர்க்களம். விடியற்காலை முதல் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து, டிரம்மைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பத்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஏழு மாதம், நிற்க முடியாமல் நின்றுகொண்டு கத்தினாள். இவன் அவசர அவசரமாக ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வல்லியின் சிலேட்டோடும் புத்தகத்தோடும் சேர்த்து வைத்தான். வண்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் ஆயிற்று.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் பூஜை எடுக்கும்வரை தொடமாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதிலும் பத்மா ஒரு படி மேலே. மறுநாள் விஜயதசமி, வல்லியை அம்பத்தூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள். குழந்தை அங்கே போய் முதல் எழுத்து எழுதிவிட்டு வந்த பிறகுதான் பூஜையைக் கலைப்பது என்று வைத்திருந்தாள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். திருவேங்கடம் என் வாசலுக்கு வந்து நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது. "அண்ணாத்தே, ஒரு ஒத்தாசை. பின் பிரேக் நட்டு கைமுறுக்கோட நின்னுபோச்சி. என் சாமானெல்லாம் சாமிகிட்ட கீது. உங்க ஸ்பேனர்ல நீங்க ஒரு புடி புடிச்சி உட்டீங்கன்னா போதும். காலைல கொயந்தைய ஏத்திகினு போவணும்" என்றான்.

கவனியுங்கள். நாலு வருஷம் புத்தகம் படித்தவன், நோட்டில் தேதி போட்டு எழுதுகிறவன், ஒரு இரும்புத் துண்டை எடுக்கப் பயந்துகொண்டு நிற்கிறான். எனக்கு அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என் ஸ்பேனரைக் கொடுத்திருந்தால் அவனே முறுக்கியிருக்கலாம். கேட்டேன். பூஜை அன்றைக்கு அவன் கையால் எந்த ஸ்பேனரையும் பிடிக்கக்கூடாதாம். அதோடு, நீங்கள் முறுக்கினால் நான் முறுக்குவதைவிட நல்லது என்றான். சரி என்று எழுந்தேன்.

அந்த நட்டு எதற்கு என்று ரைட்டருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பின் பிரேக்குக்கு ஒரு மூடித்தட்டு உண்டு. சக்கரம் சுழலும்போது அது சுழலாமல் இருக்க, ஒரு இரும்புக் கையால் அதை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருப்பார்கள். அந்தக் கையைப் பிடித்திருப்பது இந்த ஒரு நட்டுதான். நட்டு கழன்றால் கை விழும். பிறகு பிரேக்கை மிதித்தால் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிடும். நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் குத்தி, முனையை மடக்கிவிடுவது வழக்கம். அந்தப் பின்னை ஒரு மூடியில் போட்டு, மறக்காமல் வண்டியின் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

நான் வண்டிக்குப் பின்னால் குந்தினேன். அவன் பத்மா கூப்பிட்டாள் என்று உள்ளே போனான். ஸ்பேனரை நட்டில் வைத்தேன். திருப்பினேன். இடது பக்கமாகத் திருப்பினேன். போல்ட்டின் முனை நட்டுக்குள்ளே மறையும்வரை தளர்த்தினேன். இரண்டு மரைதான் பிடித்திருக்கும். பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேலே விரலால் கிரீஸை அப்பினேன், பார்க்கிறவனுக்கு அந்த ஸ்பிளிட் பின் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

அப்போது வல்லி ஒரு கிண்ணத்தில் பொரி கொண்டுவந்தாள். ஐந்து வயது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. "மாமா, நாளிக்கி நான் டேங்க்கு மேல குந்திகினு இஸ்கூலுக்குப் போறேனே" என்றாள். அப்படியா என்றேன். சிலேட்டு புதுசு, சாமிகிட்ட இருக்கிறது, நாளைக்குக் காலையில் அதை மட்டும் எடுத்துக்கொள்ள அம்மா விட்டிருக்கிறாள் என்றும் சொன்னாள். கையில் கிரீஸ் இருந்ததால் அவளே என் வாயில் ஒரு பிடி பொரி போட்டாள். தின்றேன்.

திருவேங்கடம் வெளியே வந்தான். ஆச்சா என்று கேட்டான். பிடித்தாகிவிட்டது என்றேன். அவன் குனிந்து பார்க்கவில்லை. பிளக்கை மாட்டிவிட்டு இரண்டு தரம் ஆட்டிப் பார்க்கிறவன், காற்றை மூன்று தரம் அழுத்திப் பார்க்கிறவன், நான் கை வைத்த இடத்தை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தன் வண்டியைத் தானே பராமரிப்பவன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவனின் லட்சணம் இது. அடுத்தவன் செய்த வேலையைச் சோதிக்காமல் எடுத்துக்கொள்கிறவன் இந்த வேலைக்கே லாயக்கில்லை. அன்றைக்கு அது எனக்கு ருசுவாகிவிட்டது.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் எட்டு மணிக்கு அவர்கள் கிளம்பும்போது நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை டேங்க் மேல் உட்கார்ந்து சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வாயில் நுரை இருந்தது, நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி, பத்மாவுக்குக் கைகாட்டி, நிதானமாகத்தான் போனார்கள்.

தெருமுனைப் பள்ளத்தில் பிரேக் போடுவான், சக்கரம் இறுகும், மெதுவாகப் போகிற வண்டி சாயும், முழங்கையில் சிராய்ப்பு, வேம்புலி முன்னால் கொஞ்சம் மூக்கறுபடல், அதோடு தீர்ந்தது என்பதுதான் என் கணக்கு என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். அது சரியில்லை. சிராய்ப்பு மட்டும் போதும் என்றால் நட்டை முழுக்கக் கழற்றி எடுத்திருப்பேன், தெருமுனையிலேயே விழுந்திருப்பான். இரண்டு மரை விட்டுவைத்தால் ஆட்டத்தில் கழல ஒன்றிரண்டு மைலாவது ஆகும். அது எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு மைலில் பெரிய ரோடு, லாரி, பஸ் எல்லாம் வந்துவிடும். அதுவும் தெரியும். டேங்க் மேல் யார் உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளட்டும்.

அம்பத்தூர் போகிற பெரிய ரோட்டில், எதிரே ஒரு மாட்டு வண்டி திரும்பியது. திருவேங்கடம் பிரேக்கை மிதித்தான். மீதியை உங்கள் ஆட்கள் சுண்ணாம்பில் கோடு போட்டு அளந்திருக்கிறார்கள். அவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. குழந்தை வலது பக்கம் விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரன்மேல் தப்பில்லை, அவனை விட்டுவிடுங்கள்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒருவனும் என்னைச் சந்தேகப்படவில்லை. உங்கள் ஏட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டபோது, நட்டை முறுக்காமல் விட்டது நான்தான், பூஜை அவசரத்தில் மறந்துவிட்டேன், என் குழந்தையை நானே கொன்றேன் என்று திருவேங்கடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். என் பெயரை எடுக்கவே இல்லை. இது எனக்கு நேற்று ராத்திரி ஞானகுமாரி சொல்லித்தான் தெரியும்.

இன்றைக்குக் காலையில் ஞானகுமாரி நச்சரித்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் கட்டோடு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பத்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டான். பத்மாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாத்தே, பின்னு குத்த மறந்துட்டிருப்பீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நான் குனிஞ்சி பாத்திருக்கணும், தப்பு எம்மேலதான். கை தவறுறது எல்லாருக்கும்தான். நீங்க மனசுல வெச்சிகினு ஒடம்பைக் கெடுத்துக்காதீங்க."

அழுதான். எனக்காக அழுதான் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பம்படியில் ஆறு பேர் முன்னால் எனக்கு வக்காலத்து வாங்கினானே, அதே குரல். நான் கையை உருவிக்கொண்டேன். வெளியே வந்ததும் இந்தப் பக்கம் வருகிற முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஆகவே, ஐயா, அவன் கொடுத்திருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டு என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள். தூக்கோ ஆயுளோ, அது உங்கள் பாடு, கோர்ட்டின் பாடு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ரைட்டர் கடைசியில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார், இங்கிருந்தே தெரிகிறது. அதை அடிக்கச் சொல்லுங்கள். நான் மறக்கவில்லை, என் கை தவறவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் முறுக்கிய ஒரு நட்டு தானாகக் கழன்றதில்லை. இதை ஆஸ்பத்திரிக்குப் போய், அவன் மனைவியும் கேட்கும்படி, அந்தக் கிளார்க்குக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.